லோரி ரேடியேட்டர் ஹோஸ் ஒழுகினால்: எதைப் போடுவது, யாரிடம் போடுவது

பழம் அதிகம் விழும் மாதங்களில் செம்பனை லோரியின் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுக ஆரம்பித்தால் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் பழத்துக்குள்ளேயே கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். லோரி நின்றால் பழம் நிற்கும். பழம் நின்றால் கண்டிராக்ட் எடுத்தவருக்கு மானேஜரிடமிருந்து போன் வரும். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துக்கு இது புதிய தலைவலி இல்லை. (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதி வருடக்கணக்காகிவிட்டது, வாயில் வருவது பழைய பெயர்தான்.) மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் போடப்பட்டதே இங்கிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். அன்றிலிருந்து ஏதோ ஒரு வண்டி குலையை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

டவுனில் நாலு பேரிடம் கேட்டால் ஆறு வழி சொல்வார்கள். டேப் சுற்றி ஓட்டு. ஸ்பேர் பார்ட் கடையில் மாற்று ரப்பர் ஹோஸ் வாங்கு. ஏஜென்ட்டிடம் ஒரிஜினல் போடு. சிலிக்கான் போட்டால் ஜென்மத்துக்கும் கவலையில்லை. மீட்டர் கணக்கில் விற்கும் நேர் ஹோஸை வெட்டிச் சொருகு. லோரி வெட்டும் கடையில் பழையது ஒன்று கழற்றிக்கொள். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோட்டத்தில் ஓடும் பெரும்பாலான லோரிகளுக்கு, வளைவு சரியாகப் பொருந்தும் நல்ல மாற்று ரப்பர் ஹோஸும், அதோடு புது கிளிப்பும் போதும். ஹோஸ் எந்தப் பிராண்ட் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பலர் கிளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அடுத்த ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஒழுகுவது ஹோஸ்தானா?

காசை எடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். மேல் ஹோஸ் என்ஜினிலிருந்து சூடான தண்ணீரை ரேடியேட்டருக்குக் கொண்டு போகிறது. கீழ் ஹோஸ் ஆறிய தண்ணீரைத் தண்ணீர் பம்ப்புக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இவை தவிர, சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பக்கத்தில் குட்டையாக ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று படாததால் பலரும் இதை மறந்துவிடுவார்கள். தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று, புறப்படும் இடம் வேறு என்பது காற்றாடி சுழலும் வண்டியில் சர்வ சாதாரணம். பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து, காற்றில் சிதறிக் கீழ் ஹோஸை நனைக்கும். பார்ப்பவர் ஹோஸைக் குற்றம் சொல்வார்.

இதற்குப் பட்டறை ஃபோர்மன்கள் வைத்திருக்கும் கைபம்ப் டெஸ்டர் நல்ல கருவி. என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் வாயில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரைக்கும் காற்று அடித்துவிட்டுக் காத்திருந்தால், ஒழுகும் இடம் தானே காட்டிக்கொடுக்கும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று இருந்தால் அது ஏறக்குறைய பார் என்ற அழுத்த அளவின் கணக்கு. டெஸ்டர் கிடைக்காவிட்டால் காய்ந்த கூலண்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) விட்டுப் போன பச்சை, சிவப்புப் பொருக்கைத் தேடிப் பார்க்கலாம்.

காலையில் ஒழுகி, வண்டி சூடான பிறகு நின்றுவிடும் ஒழுகல் தனி வகை. இரவில் எல்லாம் ஆறும்போது ரப்பரும் இரும்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நாள்பட்ட ரப்பர், கிளிப் அழுத்திய இடத்தில் அமுங்கிப்போய்த் திரும்பி எழுவதில்லை. இடையில் மயிரிழை இடைவெளி வந்துவிடுகிறது. இந்த நிலையில் ஹோஸ் இன்னும் உயிரோடு இருக்கலாம்; கிளிப்பை மாற்றினால் போதும் என்ற வாய்ப்பும் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்று பயப்பட வேண்டியது. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு எத்தனை விலையில் ஹோஸ் போட்டாலும், அடுத்த பலவீனமான இடம் வெடிக்கும். ஹோஸுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றுவது பற்றிப் பேசுங்கள்.

டேப், நேர் ஹோஸ், பழைய ஹோஸ்

தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் கடைகளில் கிடைக்கிறது. நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றினால், உடம்பில் விழுந்த சிறு ஓட்டையை அது கொஞ்ச நேரம் அடக்கும். தோட்டத்து உள்ரோட்டிலிருந்து டவுன் வரைக்கும் வந்து சேர அது போதும். ஓட்டை கிளிப் பக்கத்தில், ஹோஸின் நுனியில் இருந்து, ஹோஸும் கொஞ்சம் நீளமாக இருந்தால், கெட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டலாம். அதுவும் சில நாள் ஏற்பாடுதான். ஒரு முனை போன ஹோஸின் மறுமுனை பெரும்பாலும் பின்னாலேயே வரும்.

நடுவழியில் மாட்டிக்கொண்டவர்கள் இன்னொன்று செய்வார்கள். என்ஜின் முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியை முதல் பல்லில் மட்டும் நிறுத்தி, அழுத்தம் ஏறாமல் மெதுவாக ஓட்டி வருவார்கள். அழுத்தம் இல்லாவிட்டால் ஒழுகல் குறையும், உண்மை. அதே நேரம் தண்ணீர் கொதிக்கும் சூடும் இறங்கும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும், தெர்மோஸ்டாட்டோ சுமார் 80 டிகிரியில்தான் திறக்கவே தொடங்கும். இடையில் இருக்கும் இடம் கொஞ்சம்தான். காலி வண்டி, சமதள ரோடு என்றால் சரி. பழம் ஏற்றிய வண்டிக்கு இதை யோசிக்கவே வேண்டாம். சூடேறிப்போன என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டில் விரிசல் விட வைக்கும் வேலையும் வேண்டாம்.

மீட்டர் கணக்கில் கிடைக்கும் நேர் ஹோஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேசான வளைவு என்றால் தாங்கும். கொஞ்சம் கூடுதலாக வளைத்தாலும் உட்பக்கம் மடிந்து தண்ணீர் ஓட்டத்தை நெரிக்கும். மடிப்பு மடிப்பாக இருக்கும் எதற்கும் பொருந்தும் ஹோஸ் வளையும்தான். ஆனால் அதன் உள்மடிப்புகள் ஓட்டத்தைத் தடுக்கும், என்ஜின் ஆட்டத்தையும் நெடுநாள் தாங்காது. டூல் பெட்டியில் ஒன்று கிடக்கட்டும், அவசரத்துக்கு.

லோரி வெட்டும் கடையில் கியர்பாக்ஸ் வாங்கலாம், டிஃபரன்ஷியல் வாங்கலாம். ரப்பர் வாங்கக் கூடாது. அந்த ஹோஸ் எத்தனை வருடம் எந்தச் சூட்டில் வெந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது.

மாற்று ரப்பரா, ஒரிஜினலா

உண்மையான போட்டி இங்கேதான். இரண்டுமே பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், நடுவில் நூல் பின்னல். 1960களில் சந்தைக்கு வந்த பொருள் இது. நம் தாத்தா பாட்டிமார் விடிவதற்கு முன் எழுந்து சீவிய பால் இதில் ஒரு சொட்டும் இல்லை. இயற்கை ரப்பர் இந்தச் சூட்டையும் ஓசோனையும் தாங்காமல் வெடித்துவிடும். ரப்பர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலியத்திலிருந்து செய்த ரப்பரை வாங்குகிறோம், என்ன செய்வது.

ஈபிடிஎம் ஹோஸ் கெடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் விலை வித்தியாசத்தை எடைபோடுவது சுலபம். வெளியே வெடிப்பு வந்து கெடுவது ஒரு வகை. அதைவிட மோசமானது உள்ளிருந்து கெடுவது. என்ஜினில் இரும்பு, அலுமினியம், செம்பு என்று பல உலோகங்கள், நடுவில் கூலண்ட். அது ஒரு சின்ன பேட்டரி போலவே வேலை செய்து, ஹோஸின் உள்சுவரில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகிறது. கூலண்ட் அந்தக் கீறல் வழியாக நூல் பின்னலை அடைந்து அதை அரிக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிதாகப் பளபளக்கும். ஒருநாள் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது நீளமாகக் கிழியும். கீறல் அதிகம் வருவது முனைகளுக்குப் பக்கத்தில். அதனால் என்ஜின் ஆறியிருக்கும்போது கிளிப்பை ஒட்டிய ஐந்து சென்டிமீட்டரை விரலால் அழுத்துங்கள், பிறகு நடுப்பகுதியை அழுத்துங்கள். முனை மட்டும் சொதசொதவென்று அமுங்கினால் அந்த ஹோஸின் காலம் முடிந்தது. ஒழுகவில்லை என்றாலும் முடிந்ததுதான்.

ஒரிஜினல் ஹோஸ் இந்தக் கெடுதலிலிருந்து தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: வளைவும் நீளமும் மில்லிமீட்டர் கணக்கில் பொருந்தும். இசுசு, ஹினோ, ஃபூசோ எதுவானாலும் ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் ஹோஸின் வளைவு மாறியிருக்கும். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் ஏஜென்ட் சரியான பார்ட் நம்பரை எடுத்துவிடுவார். பைபாஸ் ஹோஸ் போல, குட்டையாக விசித்திரமாக வளைந்திருக்கும் ஒன்றுக்கு நான் ஒரிஜினலையே போடுவேன். அதை மாற்றப் பாதி என்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கும். விலையில் மிச்சம் பிடித்து, அதே வேலையை மறுபடி செய்வதில் லாபமில்லை. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. கையெட்டும் தூரத்தில் இருப்பவை அவை.

ஒரிஜினலுக்கு எதிராக நிற்பது விலை மட்டும் இல்லை, நாளும்தான். பத்தாங் பெர்ஜுந்தையில் ஏஜென்ட் கிடையாது. ரவாங், கிள்ளான் பக்கம் போக வேண்டும். பழைய மாடலென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் லோரி பட்டறையில் நிற்கும். மாற்று ஹோஸ் அன்றைக்கே கையில் கிடைக்கும். பழைய ஹோஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவு ஒத்துப்போக வேண்டும், உள்விட்டம் ஒத்துப்போக வேண்டும். “கொஞ்சம் இழுத்து விட்டா உக்காந்துடும் அண்ணே” என்று கடைத் தம்பி சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். இழுத்து மாட்டிய ஹோஸ் என்ஜின் ஆடும்போதெல்லாம் குழாயிலிருந்து கழன்று வரத்தான் பார்க்கும். இன்னொன்று, ஹோஸின் மேல் தயாரித்த தேதி அச்சடித்திருந்தால் படித்துவிட்டு வாங்குங்கள். ஷெல்ஃபில் பல வருடம் தூங்கியது வேண்டாம்.

கீழ் ஹோஸுக்கு ஒரு கூடுதல் சோதனை. பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான், என்ஜின் வேகம் ஏறும்போது உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சிலவற்றில் கம்பிச் சுருள் இருக்கும். பழையதில் சுருள் இருந்து புதியதில் இல்லையென்றால், கடைக்காரரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். மேல் ஹோஸ் இரவில் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் மட்டும் ஹோஸைச் சந்தேகிக்காமல் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். மூடியின் உள்வால்வு அடைத்து, ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீர் திரும்பி வர முடியாததால் வரும் கோளாறு அது. மூடி மலிவு.

சிலிக்கான் மோகம்

நீலத்திலும் சிவப்பிலும் பளபளக்கும் சிலிக்கான் ஹோஸை இப்போது லோரிக்கும் போடுகிறார்கள். கெட்ட பொருள் இல்லை. சுமார் 175 டிகிரி வரை தாங்கும், ஈபிடிஎம் போல் மின்வேதி அரிப்பில் உள்ளிருந்து கிழியாது, வெயிலுக்கும் ஓசோனுக்கும் அசையாது. விலை ரப்பரைவிட இரண்டு மூன்று மடங்கு வரும். நீண்ட தூரம் ஓடும் பெரிய லோரியை வைத்துக்கொண்டு, பல வருடம் அதே வண்டியை ஓட்டப் போகிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும்.

தோட்டத்து லோரிக்கு மூன்று தடைகள் கண்ணில் படுகின்றன. டீசலும் என்ஜின் ஆயிலும் பட்டால் சிலிக்கான் ஊதிப் பலவீனமாகிவிடும். வால்வு மூடியிலிருந்து ஆயில் கசியாத பழைய லோரி நம் வட்டாரத்தில் எத்தனை? (ஈபிடிஎம்மும் ஆயிலுக்கு எதிரிதான். ஊதிப்போன ரப்பர் ஹோஸைப் பார்த்தால் முதலில் மேலே எங்கே ஆயில் கசிகிறது என்று தேடுங்கள்.) அடுத்து, சிலிக்கானின் சுவர் வழியாகத் தண்ணீர் ஆவி மெல்ல வெளியேறும், ஒழுகல் எதுவும் இல்லாமலேயே ரிசர்வ் டேங்கில் அளவு குறைவது தெரியும். கடைசியாக, அது மென்மையான பொருள். துளை வெட்டிய சாதாரண ஸ்குரூ கிளிப்பைப் போட்டு இறுக்கினால், அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கி வெட்டுப்படும். உட்பக்கம் வழவழப்பான பட்டை வைத்த கிளிப்போ, போல்ட் வைத்த அகலக் கிளிப்போ போட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நல்ல ஹோஸில் மலிவு கிளிப்பை மாட்டிவிட்டு, “சிலிக்கானும் ஒழுகுதுப்பா” என்று சொல்கிறவர்கள் உண்டு.

கிளிப்

பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். துரு ஏறிய பல்லில் ஸ்குரூ சுற்றும்போது இறுக்கமாகத் தோன்றும், ஆனால் ஹோஸில் இறுக்கம் ஏறியிருக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பை வாங்குங்கள், ஸ்குரூவும் ஸ்டெயின்லெஸ்தானா என்று காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் கூட இருக்கிறார்கள். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும்போது தானே பின்தொடரும் ஸ்பிரிங் வைத்த கிளிப் ஒரு வகை. காலை ஒழுகல் திரும்பத் திரும்ப வரும் வண்டிக்கு அதுதான் மருந்து. விலை கூடினாலும் நான் ஹோஸில் மிச்சம் பிடித்து இதில் போடுவேன்.

மாட்டும் முறையும் விலையைப் போலவே முக்கியம். குழாயின் முனையில் ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி உட்கார வேண்டும், கிளிப் மேட்டுக்கும் ஹோஸின் நுனிக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேட்டின் மேலேயே இறுக்கினால் இரண்டு பக்கமும் காற்று வாங்கும். குழாயில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கையும் துருவையும் மெல்லிய சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஹோஸ் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீரோ கூலண்டோ தடவுங்கள். கிரீஸ் தடவுவது ரப்பருக்கு விஷம்.

கழற்றும்போது ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பிக் கழற்றும் பழக்கத்தை விட வேண்டும். ரேடியேட்டர் டேங்க் பிளாஸ்டிக் என்றால் கழுத்து உடையும், பிறகு ஹோஸ் விலை அல்ல, ரேடியேட்டர் விலை. எப்படியும் தூக்கி எறியப் போகும் ஹோஸ்தானே, கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள்.

யாரிடம் மாற்றுவது

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கூலண்டை ஒரே தரம் வடித்தால் போதும். வேலை தெரிந்த டிரைவர் இருந்தால் தோட்டத்துக் கொட்டகையிலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் முடித்துவிடலாம். பைபாஸ் ஹோஸ் என்றாலோ ரேடியேட்டர் வாயில் குமிழி தெரிந்தாலோ டவுன் ஃபோர்மனிடம் விடுங்கள். ஏஜென்ட் சர்வீஸ் சென்டருக்குப் போவது இன்னும் வாரண்டியில் இருக்கும் வண்டிக்குத்தான் அர்த்தமுள்ளது. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஷ்பாகோம் பரிசோதனையை ஒட்டி ஹோஸ் முனைகளை அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கினால், தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்புறம், நாலு வருடம் தாண்டிய ரப்பர் ஹோஸுக்கு அழுத்தச் சோதனையில் பாஸ் மார்க் கிடைத்தாலும் நான் மாற்றிவிடுவேன்.

வடித்த கூலண்டைத் தட்டில் பிடியுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் ஆடும் நக்கிக் குடித்துவிட்டுச் செத்துப்போகும். லயத்துக்குப் பக்கத்தில் வேலை செய்தால் தரையில் சிந்தியதைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் சொல்லவே வேண்டாம்.

திரும்ப ஊற்றும்போது “இங்க பனியா பெய்யுது, தண்ணி போதும்” என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். நம் ஊரில் கூலண்ட் உறைபனிக்காகப் போடுவதில்லை. அரிப்பைத் தடுக்கவும் கொதிநிலையை ஏற்றவும் போடுகிறோம். பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், 1 பார் மூடியோடு சுமார் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரச் சிலீவ் (வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும் சிலிண்டர் உறை) வைத்த டீசல் என்ஜின்களில் வெறும் தண்ணீர் ஓடினால், சிலீவ் அதிரும்போது எழும் குமிழிகள் வெடித்து இரும்பில் குழி விழும். தண்ணீர் ஆயிலுக்குள் புகும் வரைக்கும் வெளியே தெரியாது. அந்தக் குழியைத் தடுக்கும் மருந்து கலந்த, டீசலுக்கான கூலண்டையே கேட்டு வாங்குங்கள். கலக்கக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்ட் வாட்டர்) போதும்.

மெதுவாக ஊற்றி, காற்று வெளியேறும் ஸ்குரூ இருந்தால் அதைத் திறந்து, மூடியைத் திறந்தபடி என்ஜினை ஓட விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை நின்று பாருங்கள். அளவு இறங்கும், நிரப்புங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் மீட்டர் சாதாரணமாகக் காட்டும்போதே ஹெட் வெந்துபோகும்.

முதல் டிரிப் முடித்து இரவில் ஆறியதும் கிளிப்புகளை ஒரு சுற்று இறுக்குங்கள், புது ரப்பர் அமுங்கியிருக்கும். அடுத்த வாரம் முழுக்க, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரிசர்வ் டேங்கின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹோஸ் காய்ந்து கிடக்க அளவு மட்டும் இறங்கினால், பம்ப்பின் அடித்துளையில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு ஃபோர்மனைக் கூப்பிடுங்கள்.